இடக்கை

வென்டா ஆறு உறைந்து கிடந்த விடியலில்
முந்தைய இரவின் சாராயம் இன்னும் என் காலில் இருந்தது.
கெனொவைதேயின் வாசலில்
இடுப்புயரம் அடுக்கியிருந்த பிர்ச் விறகின்மேல்
கையூன்றி நின்றேன்.
விழாமல் இருக்க. வேறொன்றுமில்லை.

கதவு திறந்தது.
"நீதானா அது, அல்போன்சாஸ்" என்றாள்.

மூன்று வாரமாக வருகிறதாம் விறகு.
பனி கொட்டும் இரவுகளில் மட்டும்.
வந்த தடத்தைப் பனியே மூடிவிடுமாம்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
பீட்ரூட் சூப்பின் ஆவி முகத்தில் வந்து மோதியது.
திறந்த வாய்
கரண்டி நுழையப் போதுமானதாக இருந்தது.

ஞாயிறுக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.
தபால்காரி யாத்விகா கையுறை பின்னித் தந்தாள்.
மர ஆலையிலிருந்து என்னை விரட்டிய மேஸ்திரி
தொப்பியைத் தூக்கினான்.
கோவிலில், கடைசிப் பெஞ்சின் மூலையில்
தூங்கி வழிந்தவனுக்கு
மூன்றாம் வரிசையில் நகர்ந்து இடம் விட்டார்கள்.
விறகோ நின்றபாடில்லை.
நான் குறட்டைவிட்ட இரவுகளிலும்
என் பெயரில் வந்து
தன்னை அடுக்கிக்கொண்டிருந்தது.

சாம்பல் புதன்.
வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும்
என்று வாசித்த தந்தை வைதோதாஸ்
என் பக்கம் பார்த்துப் புன்னகைத்தார்.
சத்தியமாக என் இடக்கைக்குத் தெரியாது, சாமி.
வலக்கைக்கும் தெரியாது.

மறுநாள் பாவசங்கீர்த்தனக் கூண்டில்
எல்லாவற்றையும் கொட்டினேன்.
கம்பிவலைக்கு அப்பால் நெடுநேரம் சத்தமில்லை.
பிறகு ஓர் இருமல். அதற்குள் ஒளிந்த சிரிப்பு.
"கூலியை நீ வாங்கிவிட்டாய்.
அப்படியானால் அந்த ஆளுடையது
தகப்பனிடம் ஒரு காசு குறையாமல் இருக்கிறது.
போய் அவளிடம் சொல்.
சூப்புக்கு முன்னால் சொல்."

முன்னால்தான் சொன்னேன்.
கிண்ணத்தை வைத்துவிட்டு
அடுப்பருகிலிருந்து ஒரு கட்டையை எடுத்து
வெட்டுமுகத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"வனக்காவலனோடு முப்பத்தெட்டு வருஷம் வாழ்ந்தவள் நான்.
சாய்வைப் பார். இடக்கைக் கோடரி.
நீ கரண்டி பிடிப்பது வலக்கையில்.
முதல்நாளே பார்த்துவிட்டேன்."

"பிறகு ஏன் போட்டாய்?"

"அன்றைக்கு மைனஸ் பத்தொன்பது.
ஆறிவிடும், சாப்பிடு."

அதன்பின் திருப்பலியில்
நான் ஜெபித்ததைவிடக் கைகளைப் பார்த்ததே அதிகம்.
தீர்த்தத் தொட்டியில் தோய்வது வலக்கை.
நெற்றிக்கும் மார்புக்கும் தோள்களுக்கும் போவது
வலக்கை.
சிலுவைக்கு முன்னால்
எங்கள் ஊரில் எல்லாரும் வலக்கைக்காரர்கள்.

ஒரே ஒரு முறை,
அன்னையின் சுரூபத்தடியில் யாரோ குனிந்து
தீக்குச்சி கிழித்தார்கள்.
குச்சி இருந்தது இந்தப்பக்கக் கையிலா,
அந்தப்பக்கக் கையிலா?
முகத்துக்கு வெளிச்சம் ஏறுமுன்
கண்ணை மூடிக்கொண்டேன்.
அந்தக் கூலியில் ஒரு சல்லியும்
இனி என் கையால் குறையக் கூடாது.

ரயில்பாலத்துக்கு அந்தப்புறம்
மூன்று பிள்ளைகளோடு ஒருத்தி இருக்கிறாள்.
அவள் புகைபோக்கி
இரவு பத்துக்கே அணைந்துவிடுகிறது.
பழைய கோடரியைத் தீட்டி வைத்திருக்கிறேன்.
இடக்கையில் பிடித்துப் பழகுகிறேன்.
கட்டைகள் கோணல்மாணலாக விழுகின்றன.
போன வாரம் முழங்காலைக் கீறிக்கொண்டேன்.
ஆனால் சாய்வு
வரவர அதேபோல விழுகிறது.

வெட்டுமுகத்தைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவர்கள்
வேறு யாரையாவது சொல்லட்டும்.

மேற்கே மேகம் தாழ்ந்திருக்கிறது.
இன்றிரவு பனி கொட்டும் போலிருக்கிறது.